இரண்டு நாற்பத்தொன்றில் காணாமல் போன விநாடிகள்

நான் திருஷ்டி கழித்து ரோட்டில் போட்ட எலுமிச்சம்பழத்தைச் சுற்றிக்கொண்டு போகிற ஆள் இல்லை, மிதித்துக்கொண்டு போகிற ஆள். அபிராமபுரத்தில் எங்கள் தெரு முனையில் அமாவாசைக்கு அமாவாசை யாரோ பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார்கள், ஒரு தடவை அதில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்த கோபத்தில் மிச்சத்தைக் காலால் தள்ளி ஓரம் கட்டினேன், அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தேன். அதனால் இதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் முகமே அப்படித்தான் போனது, முழுக்கக் கேட்டுவிட்டு கண் டாக்டரைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக கோட் எழுதிப் பிழைக்கிறேன். இது நடந்தபோது இருந்த ஆபீஸ் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்தில், மூன்றாவது மாடி, பாதி நாள் லிப்ட் ஓடாது. மொத்தம் பதினைந்து பேர். சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுப்போம். முதலாளி பத்ரி சார், குரலை உயர்த்தாமலே ஆளைக் குனிய வைக்கத் தெரிந்தவர். ராயப்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் மென்பொருளைத்தான் வைத்திருந்தது, பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

அங்கே டாக்டர் ஒரு ஊசி எழுதினால் அது நர்ஸ் கையில் இருக்கும் டேப்லெட்டில், நாங்கள் டேப் என்போம், அதில் வரும். நர்ஸ் ஊசி போட்டுவிட்டு 'கிவன்' என்று ஒரு பொத்தானை அழுத்துவார், கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். டாக்டர் மனம் மாறினால் தன் போனிலிருந்தே 'கேன்சல்' அழுத்தலாம். ஒவ்வொரு அழுத்தலும் டேட்டாபேஸில் ஒரு வரியாக, நேரத்தோடு பதிவாகும். இவ்வளவுதான் சமாச்சாரம். இதில் நேரம் என்பதை நான் எழுதிய விதத்தில்தான் எல்லா வினையும் இருந்தது.

டேட்டாபேஸில் ஒரு நேரத்தை வைப்பதற்குப் பல அளவில் பெட்டிகள் உண்டு. சில பெட்டி தேதியை மட்டும் வைக்கும். சில பெட்டி மணியும் நிமிடமும் வரை வைத்துக்கொள்ளும். பெரிய பெட்டியாக எடுத்தால் விநாடி, அதற்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின்னால் ஆறு இலக்கம் வரை அப்படியே நிற்கும். டேப்பும் டாக்டரின் போனும் அந்த ஆறு இலக்கத்தோடுதான் அனுப்பின. வாங்கி வைக்கிற பெட்டி சின்னதாக இருந்தால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே கொட்டிவிடும், ஒரு எர்ரர் வராது, ஒரு எச்சரிக்கை வராது. நான் எடுத்தது நிமிடத்தோடு நிற்கிற சின்னப் பெட்டி. இடம் பாதிதான் பிடிக்கும், வேகமாக ஓடும், ரிப்போர்ட்டில் எப்படியும் மணி நிமிடம்தானே அச்சாகப் போகிறது என்று ஒரு புத்திசாலித்தனம். புதிதாகச் சேருகிறவர்களிடம் நேரத்தில் கை வைக்காதே, அது கடிக்கும் என்று பாடம் எடுத்தவளும் நானேதான்.

ஒரு நாள் மதியம் அந்த மருத்துவமனையில் ஒருவர் இறந்துபோனார். ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்தவர், ஐம்பது வயது சொச்சம், ஒரு ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் நாடி இறங்கிப் போய்விட்டது. அந்த ஊசியை எழுதியவர் டாக்டர். பிறகு அவரே ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கேன்சல் செய்திருக்கிறார். கேன்சல் செய்த பிறகு நர்ஸ் போட்டிருந்தால் தப்பு நர்ஸுடையது. போட்ட பிறகு கேன்சல் செய்திருந்தால் தப்பு டாக்டருடையது. குடும்பம் கேட்டது, மருத்துவமனை எங்கள் ரிப்போர்ட்டை அச்சடித்து எடுத்தது. 2.41 கேன்சல். அதற்குக் கீழே 2.41 கிவன். மேலிருந்து கீழே படிக்கத் தெரிந்த யாருக்கும் அதில் சந்தேகம் வராது, நர்ஸை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

அந்த நர்ஸ் பெயர் அமுதா. நாலாவது நாள் மத்தியானம் எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். யாரோ மென்பொருள் கம்பெனி இங்கே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள், லிப்ட் ஓடாத நாள், மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் சாப்பாட்டுப் பை, வேலை இல்லாவிட்டாலும் பழக்கத்தில் எடுத்து வந்திருக்கிறார் போல. அடையாறு ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கத்தில் இடித்துவிட்டு பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்களாம், அங்கிருந்து ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வந்து போனவர். அவர் அழவில்லை, கெஞ்சவுமில்லை, அதுதான் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

"மேடம், நான் போட்டது முன்னாடி. போட்டுட்டு டேப்புல அமுக்கிட்டு கீழ வெக்கிறேன், அப்பதான் செவப்புல கேன்சல்னு வருது. உங்க மிஷின்ல அது கரெக்டா கீது இல்ல? அத்த மட்டும் நீங்க சொன்னா போதும்" என்றார்.

பார்த்துச் சொல்கிறேன் சிஸ்டர் என்று என் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். அவர் படி இறங்கும் முன்பே பார்த்துவிட்டேன். இரண்டு வரியிலும் 14:41:00, விநாடி என்கிற இடத்தில் வெறும் பூஜ்யம். இரண்டும் ஒரே நேரம் என்றால் எதை முதலில் போடுவது என்று நான் எழுதிய கோட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். நேரம் சமமாக இருந்தால் பெயரின் எழுத்து வரிசைப்படி போடு என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் நானே எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கேன்சலுக்கு சி, கிவனுக்கு ஜி. ஒரு பொம்பிளையின் வேலையும் நர்ஸ் பதிவும் போவதற்கு ஏ பி சி டி காரணம் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேப்பிலோ டாக்டர் போனிலோ பார்க்கலாம் என்றால் அவை அனுப்பிய கையோடு தங்களிடம் இருப்பதை அழித்துவிடும். அதுவும் என் ஏற்பாடுதான்.

பத்ரி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட்டில் வரிசை என்று தெரிவது வரிசையே இல்லை, யார் முதலில் என்று எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது, இதை மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே கேட்டார். நாலு மருத்துவமனை இதையே ஓட்டுகிறது, இன்றைக்கு இதைச் சொன்னால் நாளைக்கு எல்லோரும் பழைய கேஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பதினைந்து பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஆஸ்பத்திரி விசாரணைக் கமிட்டி கூப்பிட்டா போய் உக்காரு உஷா. ஸிஸ்டம்ல என்ன இருக்கோ அத மட்டும் சொல்லு. இல்லாதத நீயா சொல்லாத."

சரி சார் என்றேன். பதினைந்து பேருக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொய். இந்தத் தப்பைச் செய்தது உஷா என்று வெளியே தெரியக் கூடாது, அதற்காகத்தான் சொன்னேன். அமுதா இரண்டு தடவை போன் செய்தார், எடுக்கவில்லை.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. அடுத்த வெள்ளிக்கிழமை. ராத்திரி இல்லை, மழை இல்லை, கரண்ட்டும் போகவில்லை, மதியம் ஒன்றே முக்கால், வெளியே மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடித்த ரோட்டில் ஹாரன் காதைக் கிழிக்கிறது, பாதிப் பேர் சாப்பிடப் போய்விட்டார்கள், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதற்கு என்று தெரியாமல் அந்த இரண்டு வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தினம் பார்ப்பதுதான், புண்ணைச் சொறிகிற மாதிரி ஒரு பழக்கம் ஆகிவிட்டது.

கிவன், 14:41:09.318406. கேன்சல், 14:41:52.770951.

முதலில் வேறு எதையோ திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். மூடித் திறந்தேன், அதேதான். உங்களுக்கு இது எவ்வளவு அசிங்கமான விஷயம் என்று புரிய வேண்டும், அதனால் இன்னொரு தடவை சொல்கிறேன். அந்தப் பெட்டியில் விநாடிக்கு இடமே கிடையாது. யாராவது வந்து திருட்டுத்தனமாக எழுத நினைத்தாலும் எழுத முடியாது, எழுதினால் கொட்டிவிடும். கால் லிட்டர் டம்ளரில் ஒரு குடம் தண்ணீர் நிற்கிறது என்றால் எப்படியோ அப்படி.

சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் ஜாஃபர் பாய், ராயப்பேட்டையில் பரம்பரையாக இருக்கும் குடும்பம், என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஜும்மா தொழுகை முடித்து அப்போதுதான் உள்ளே வந்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று இரண்டு நேரத்தையும் வாய்விட்டு, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பிறகு குனிந்து என் கீபோர்டிலேயே அந்தப் பெட்டி எந்த வகை என்று தட்டிப் பார்த்தார். அதே சின்ன வகைதான் என்று வந்தது.

"மேடம், இதுல செகண்டே நிக்காதே" என்றார், ரொம்ப மெதுவாக.

போட்டோ எடுத்திருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். எடுத்திருக்கலாம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, முதலில் தோன்றியது பத்ரி சாரைக் கூப்பிட வேண்டும் என்பதுதான். அவர் அறை எட்டு அடி தூரம். அவர் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கும்போது இரண்டு வரியிலும் 14:41:00. மறுபடி எடுத்தேன், மறுபடி எடுத்தேன், பூஜ்யம்தான். பத்ரி சார் ஜாஃபர் பாயைப் பார்த்தார். நான் இப்பதான் சார் உள்ள வந்தேன், சரியா பாக்கல என்றார் அந்த மனுஷர். ஒவ்வொரு இலக்கமாகப் படித்த வாய் அது. அவரைச் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன யோக்கியம். சார் என்னை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார், போனேன்.

ஆனால் அந்த இலக்கங்கள் மனதில் பதிந்துவிட்டன. ஒன்பதாவது விநாடியில் ஊசி, ஐம்பத்திரண்டாவது விநாடியில் கேன்சல். நாற்பத்து மூன்று விநாடி வித்தியாசத்தில் அமுதா சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குத் தெரியும், என்னால் காட்ட முடியாது. காட்ட முடியாது என்பது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை கமிட்டி. மருத்துவமனையின் மேல்மாடியில் ஒரு நீளமான மேஜை, அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள், நடுவில் தலைவராக நரைத்த மீசைக்காரர் ஒருவர். யார் என்ன பேசினாலும் தானாகவே எழுத்தாக்குகிற ஏதோ மென்பொருளை ஒரு லேப்டாப்பில் ஓட விட்டிருந்தார்கள். அமுதா எனக்கு எதிரே, வெள்ளைச் சீருடை இல்லாமல், ஒரு நீலப் புடவையில். உள்ளே நுழைந்ததும் என்னைப் பார்த்து, நம்பவே மாட்டீர்கள், சிரித்தார். தன் பக்கம் ஒரு ஆள் வந்துவிட்ட மாதிரி நிம்மதியான சிரிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ரிப்போர்ட் எப்படி வரிசையாகிறது என்று தலைவர் என்னைக் கேட்டார். நேரப்படி வரும் சார் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு அமுதாவைப் பார்த்து நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். அவர் பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து மேஜை மேல் விரித்தார். மருந்துக் கடை பில்லின் பின்பக்கம், பால்பாயின்ட் பேனாவில் மூன்று வரி. தலைவர் அதை என் பக்கம் நகர்த்தினார், இது என்ன என்று பாருங்கம்மா என்று.

முதல் வரி, 14:41:09.318406. இரண்டாவது வரி, 14:41:52.770951.

அதற்குக் கீழே என் கண் போகவில்லை. நான் அதைப் பத்ரி சாரிடம் சொன்னபோதுகூட ஒன்பது, ஐம்பத்திரண்டு என்று விநாடியை மட்டும்தான் சொன்னேன். புள்ளிக்குப் பின்னால் இருந்ததை யாரிடமும் சொன்னதில்லை, எங்கேயும் எழுதி வைத்ததும் இல்லை. ஜாஃபர் பாய் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறீர்களா, அவருக்கு அமுதா யாரென்றே தெரியாது.

எங்கிருந்து கிடைத்தது என்று தலைவர் கேட்டார். அமுதா என்னைக் கை காட்டினார்.

"இந்த மேடம்தான் சார் போன் பண்ணாங்க. வெள்ளிக்கெழம மத்தியானம், ஒண்ணே முக்கா இருக்கும். எழுதிக்கோ அமுதான்னு ஒவ்வொரு நம்பரா சொன்னாங்க, எழுதிக்கினேன். மூணாவது இன்னாத்துக்குன்னு கேட்டேன், அது பின்னால தெரியும்னாங்க."

எந்த நம்பரிலிருந்து வந்தது என்றால் நம்பரே விழவில்லை என்கிறார், அவருடையது பழைய பட்டன் போன், கடைசிப் பத்து அழைப்பைத் தவிர எதுவும் அதில் நிற்காது. குரல் மேடம் குரல்தான், சந்தேகமே இல்லை என்கிறார். அந்த நேரத்தில் நான் வாயடைத்துப் போய் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் போன் மேஜை மேல் கிடந்தது.

தலைவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். நீங்கள் இவருக்குப் போன் செய்து இதைச் சொன்னீர்களா?

நினைத்துப் பாருங்கள். நான் சொல்ல எத்தனையோ இருந்தது. போன் செய்யவில்லை, ஆனால் இந்த நேரங்கள் சரி என்று சொல்லியிருக்கலாம். எங்கள் மென்பொருள் விநாடியைத் தொலைத்துவிடுகிறது, வரிசையை நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் நான்தான் சொன்னேன் என்று ஒரு பொய்யே சொல்லியிருக்கலாம், அந்தப் பெண் பிழைத்திருப்பார். எல்லாம் ஒரு நொடியில் தலைக்குள் ஓடியது, நிஜமாகவே ஓடியது. அமுதா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

அந்த அறையில் அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான், அதுவே அவரை முடித்துவிட்டது. பொய் நேரம் எழுதிக்கொண்டு வந்து கமிட்டியை ஏமாற்றப் பார்த்தார் என்று அதையும் சேர்த்து எழுதி வேலையை விட்டு எடுத்தார்கள். வெளியே வரும்போது படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"நீங்களே சொல்லிட்டு நீங்களே இல்லன்னுட்டீங்களே மேடம். பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார். நான் ஆட்டோ பிடித்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. நர்ஸ் பதிவு போய்விட்டது, பெரும்பாக்கத்தில் யார் வீட்டிலோ படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனித்துக்கொள்கிறார் என்று மட்டும் காதில் விழுந்தது.

அடுத்த வாரமே அந்தப் பெட்டியைப் பெரிதாக்கினேன். இப்போது ஆறு இலக்கமும் நிற்கும், எழுத்து வரிசையையும் எடுத்துவிட்டேன். மாற்றங்களின் பட்டியலில் அதற்கு நான் எழுதிய விளக்கம், சிறு திருத்தம். அவ்வளவுதான். பத்ரி சார் கைகொடுத்தார். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு அடையாறில் வேறு கம்பெனிக்குப் போனேன், அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஏதோ செய்கிறோம், யாரும் சாக மாட்டார்கள்.

ஆனால் விடுவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. கமிட்டி முடிந்த பத்தாவது நாள், நான் சொன்னதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லி மருத்துவமனையிலிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே நாலு பக்கம், அந்த லேப்டாப் எழுதியது, ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் அது பேசப்பட்ட நேரம். கூடவே அமுதாவின் சீட்டின் ஜெராக்ஸ். அந்த மூன்றாவது வரியை அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை. 11:26:38.004127 என்று இருந்தது. நான் என் பக்கத்தைத் திருப்பினேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு என் பதில், உஷா: 'இல்லை'. நேரம் 11:26:38.

புள்ளிக்குப் பின்னால் இருப்பதைச் சரிபார்க்க வழியில்லை, அந்த மென்பொருளும் விநாடியோடு நிறுத்திக்கொள்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். சரி, நடக்கப்போவது முன்கூட்டியே எங்கோ எழுதியிருந்தது, என் கையில் எதுவும் இல்லை என்று கொஞ்ச நாள் ஆறுதல் பட்டுக்கொண்டேன், நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள். ஆனால் அந்தச் சீட்டில் நேரம் மட்டும்தான் இருந்தது. என் குரலில் பேசியது எதுவோ, அது நான் கமிட்டியில் எப்போது பதில் சொல்வேன் என்பதை மட்டும்தான் அமுதாவிடம் சொல்லியிருக்கிறது. என்ன சொல்வேன் என்பதைச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அதே விநாடியில்தான் சொல்லியிருப்பேன்.